சம்பந்தம் கட்டிய பீடி வரி

எதிர்வீட்டுச் சம்பந்தம் காசு கொடுத்த எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை. கொட்டகையில் படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும், இன்னும் ஏதாவது காட்டுவான் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆரணியில் அவன் பட்டு நெய்தால் அதில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவன் மகள் கற்பகத்துக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கரை போட்ட சேலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அந்த ஆள் ஒரு குழந்தைதான். அந்தப் பெண் தறியிலேயே தூங்கி விழுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. சொன்னால் சம்பந்தம் சண்டைக்கு வருவான்.

எண்பத்திரண்டில் பள்ளிக்கூடத்தில் மதியச் சத்துணவு போட ஆரம்பித்தார்கள். சம்பந்தம் வாசலில் நின்று குதித்தான்.

"ரோடு போடு, பாலம் கட்டு, வேணாங்கல. நம்ம வரிப்பணத்த அண்டாவுல கொட்டி ஆக்கிகினு கீறானுங்க!"

உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி தெய்வநாயகி கேட்டாள்: "நீ இன்னாய்யா வரி கட்டினே?"

"பீடி வாங்கல? வத்திப்பெட்டி வாங்கல? எல்லாத்துலயும் வரி கீது!"

"அப்ப நீ ஊதுன பீடியெல்லாம் அங்க சோறா வேகுது. ஊரான் ஊட்டுப் புள்ளைங்க துன்னுதுங்க. உன் மவ இங்க நாடா தள்ளிகினு கீறா."

சம்பந்தத்தின் முகம் விழுந்துவிட்டது. மறுநாளே மகளைத் தட்டும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனான். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அனுப்பலாம் என்பது அவன் எண்ணம். வகுப்பில் உட்கார்ந்தால்தான் தட்டில் விழும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே பேர் கொடுத்தான். தறியில் கற்பகத்தின் இடத்தில் தெய்வநாயகி உட்கார்ந்தாள்.

பொங்கல் வருவதற்குள் கற்பகத்துக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெருவையே பேஜார் பண்ணினாள்.

தை மாசத்தில் ஒரு முகூர்த்தச் சேலை. சாயந்திரம் வாங்கிப்போகச் சேத்துப்பட்டிலிருந்து கல்யாண வீட்டார் வருகிறார்கள். தெய்வநாயகியோ தங்கையின் பிரசவத்துக்குப் படவேட்டுக்குப் போய்விட்டாள்; நாடா தள்ள ஆள் இல்லை. மத்தியானம் சம்பந்தம் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடையைக் கட்டினான். இன்றைக்கு எழுப்பிக்கொண்டு வந்தால் நாளைக்கும் எழுப்புவான், அப்புறம் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. பின்னாலேயே ஓடினேன்.

வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள் கற்பகம்.

"ஜல்தியா துன்னுட்டு வாம்மா. தறி நிக்குது" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, சோறு நம்ம வரிதானே?"

"ஆமா."

"வாத்தியார் சம்பளம்?"

"அதுவும்தான்."

"அப்ப நான் பாதியில வந்தா, மீதிப் பாடம் வீணாப் பூடாதா?"

வாத்தியார் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். கையில் கரண்டியோடு நின்ற ஆயம்மாவிடம் சம்பந்தம் கடைசியில், "இன்னும் ஒரு கரண்டி போடும்மா, நம்ம காசு" என்று மட்டும் சொன்னான்.

எனக்கு இருந்த சந்தோஷத்தில் அங்கேயே அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டான். "நீ வந்து நாடா தள்ளுப்பா."

"கூலி?"

"நீயும் பீடி ஊதறே இல்ல? உன் காசுலயும்தான் எம்மவ படிக்கிறா. வந்து ஒக்காரு."

போய் உட்கார்ந்தேன்.