வலைக்குவியல் மேல் வைத்த பேட்டரி

ரிமோட்டில் இயங்கும் சிறு படகைக் கடலோரத்தில் ஓட்டுவது, புதுமடத்தில் வசிக்கும் எனது ஓய்வுக்கால விருப்பம். மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்த அதன் பேட்டரி உப்பியிருந்தது. வலை பின்னும் நூலால் இறுக்கிக் கட்டினால் அமுங்கிவிடும் எனக் கருதி, அவ்வாறே கட்டி, கொட்டகையில் மகனின் நைலான் வலைகள் மீது வைத்துச் சார்ஜ் ஏற்றினேன்.

“ஏங்க, வயிறு ஊதிக் கெடக்குறதுக்குப் போயி அரைஞாண் கட்டுறீகளே!” என்று என் மனைவி நகைத்தாள்.

சற்று நேரத்தில் புகை சீறியது. வயரைப் பிடுங்கி, மண்வெட்டியால் பேட்டரியை வெளி மணலில் தள்ளினேன். அங்கே அது பற்றியெரிந்தது. வலைகள் தப்பின. மகன் அவற்றைத் தடவியபடி, “இதுதான்யா நம்ம சோறு” என்றான்.

இப்போது பழைய பேட்டரிகளை மீட்டரால் சோதிக்கிறேன், உப்பியவற்றை ஒதுக்கிவிடுகிறேன். நல்லவற்றையும் வெட்டவெளியில், மணற்சட்டியில் வைத்தே, அருகிலிருந்து சார்ஜ் ஏற்றுகிறேன். கொட்டகைக்குள் பேட்டரியோடு நான் நுழைவதில்லை.