பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியாது

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அட்டவணை அக்கா' என்றால்தான் ஆள் தெரியும். எதைக் கையில் கொடுத்தாலும் கட்டம் போட்டுவிடுவாள். யாருக்கு டீயில் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம், யார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கோப்பையில் வாய் வைப்பார்கள் என்பதற்குக்கூடச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர், வாய்த்துடுக்கு உள்ளவர். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ஒரு கட்டத்துல போட்டுத்தான் பார்த்திருப்பா. ஏதோ ஒரு கட்டம் காலியா இருந்திருக்கு, அதுல நான் நுழைஞ்சுட்டேன்" என்பார். அவளும் மறுக்க மாட்டாள்.

டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் அந்த அலுவலகம். ஆறு பேர், நான்கு மேசை, மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. அவர்கள் செய்து விற்றது ஒரே ஒரு பொருள்தான்: உள்ளங்கை அளவுப் பெட்டி. மருந்து சேமிக்கும் குளிர் அறைகளின் சுவரில் மாட்டுவது. குளிர் குறைந்தால் அது கத்தும், ஆளைக் கூப்பிடும். பெட்டியின் பலகையில் பாகங்களைப் பற்றவைத்தவர் சால்டரிங் அண்ணன். அதற்குள் இருந்த அறிவு முழுவதும் அக்கா எழுதியது. பதினைந்து வருட உழைப்பு. பிள்ளை இல்லாத அவளிடம் உறவுக்காரர்கள் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டால், "மூவாயிரம் இருக்கு, எல்லாம் சுவத்துல தொங்குது" என்று சிரிப்பாள். உள்ளே சிரித்தாளா என்பது வேறு விஷயம்.

அந்தப் பெட்டிக்குள் ஓடியது ஓர் இல்லாத இயந்திரம். எப்போது எச்சரிக்க வேண்டும், எதைக் கணக்கெடுக்க வேண்டும் என்ற நிரல்களை மருந்துக் கிடங்குக்காரர்கள் எழுதி அனுப்புவார்கள். ஊரில் ஆயிரம் வகைப் பெட்டி, ஆயிரம் வகைச் சிப். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத முடியுமா? அதனால் காகிதத்தில் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்து, அதற்கு நூற்றுச் சொச்சம் கட்டளைகளை எழுதிவைத்தார்கள். இதைக் கூட்டு, அதோடு ஒப்பிடு, அங்கே தாவு என்று சின்னச் சின்னக் கட்டளைகள். மெய்நிகர் இயந்திரம் என்று அதற்குப் பெயர். எந்தப் பெட்டியானாலும் அந்த இயந்திரத்தின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும்.

அக்காவின் பெட்டி எல்லாக் கட்டளைகளுக்கும் பணிந்தது, ஒன்றைத் தவிர. அதற்குப் பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியாது. மலிவான சிப்பில் வகுக்கும் வசதி கிடையாது. அதை நிரலாக எழுதிச் சேர்க்கலாம் என்றால் கடைசியில் மிஞ்சிய இடம் பதினோரு பைட். பதினோரு பைட்டில் ஒரு மனிதனின் பெயரைக்கூட முழுசாக எழுத முடியாது. ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத சிப் வேறு. முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் பழைய ரேடியோ மெக்கானிக், எதற்கும் அசராதவர். "அது என்ன, பிள்ளைங்களுக்குக் கணக்குப் பாடமா எடுக்கப் போகுது? விடுங்கக்கா" என்றார். அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. எந்த நிரலும் அதை வகுக்கச் சொல்லவில்லை.

பிறகுதான் அந்த இயந்திரத்துக்குப் பொதுத்தரம், அதாவது எல்லோரும் பின்பற்ற வேண்டிய விதிகள், எழுத ஒரு குழு கூடியது. பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள், மின்னஞ்சலிலும் திரையிலும் பேசிக்கொள்பவர்கள். எல்லா இயந்திரமும் எல்லாக் கட்டளையையும் செய்யாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே கட்டளைகளைக் குழு குழுவாகப் பிரித்துவிடுவது, எந்தெந்தக் குழு தன்னிடம் உண்டு என்று ஒவ்வொரு பெட்டியும் அறிவிப்பது என்று முடிவானது. விதி ஒன்றுதான், ஆனால் கறாரானது. ஒரு குழுவில் ஒரு கட்டளை குறைந்தாலும் அந்தக் குழு முழுக்கவே இல்லை என்றுதான் அறிவிக்க வேண்டும். பாதி, முக்கால் என்ற பேச்சே கிடையாது.

யார் பிரித்து அட்டவணை போட்டுத் தருவீர்கள் என்று தலைவர் கேட்டார். அட்டவணை என்ற சொல் காதில் விழுந்த பிறகு அக்கா சும்மா இருப்பாளா? அவள் அஞ்சல்தான் முதலில் போனது. நான்கு நாள் உட்கார்ந்தாள். தவிர்க்கவே முடியாதவை அடிப்படைக் குழு. பெரிய எண்களுக்கு ஒன்று. இடையில் யாரும் குறுக்கிட முடியாத கட்டளைகளுக்கு ஒன்று. யாரும் இனி தொடக்கூடாத பழசுகளுக்குக் கடைசியில் ஒன்று. கூட்டலும் கழித்தலும் அடிப்படையில் போய்விட்டன. மிச்சம் இருந்தவை பெருக்கல், வகுத்தல். கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் என்று ஒரே மூச்சில் ஒப்பித்து வளர்ந்த வாய்தானே நம் எல்லோருக்கும்? அவள் கையும் அந்த வாய்ப்பாட்டின்படியே ஓடியது. 'பெருக்கல் வகுத்தல் குழு' என்று தலைப்புப் போட்டு, இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தாள். அப்போது சொந்தப் பெட்டி அவள் நினைவுக்கே வரவில்லை. நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அழகாக வந்துகொண்டிருக்கும் வேலையில் ஆள் தன்னையே மறந்துவிடுவது உலகத்தில் புதிதா என்ன?

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம். திரையில் இருபத்திரண்டு முகங்கள். தலைவர் அட்டவணையைக் காட்டி, இவ்வளவு தெளிவாக யாரும் செய்ததில்லை என்று பாராட்டினார். அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. அப்போது ஒரு தாடிக்காரர், பெரிய கம்பெனிப் பொறியாளர், இருமிவிட்டுக் கேட்டார்.

"ஒரு சந்தேகம். பெருக்கத் தெரிஞ்சு வகுக்கத் தெரியாத மெஷின் யார்கிட்டயாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, ரெண்டாப் பிரிச்சுடலாம்."

அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. ஒலிவாங்கிப் பொத்தான்மேல் விரல் போய்விட்டது. அழுத்தினால் போதும். 'எங்ககிட்ட இருக்கு' என்றால் போதும்.

"அப்படி ஒரு பொம்மையை எவன் செய்வான்?" என்றது இன்னொரு முகம். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, களைத்துப்போன கூட்டத்தில் கிடைத்த சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். விரலை எடுத்துக்கொண்டாள். டயர் கடைக்கு மேலே ஒழுகும் மாடி, மலிவுச் சிப், பதினோரு பைட், இதையெல்லாம் அந்த இருபத்தொரு பேர் முன்னால் அவிழ்த்துக் காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

"ஆட்சேபம் இல்லேன்னா இப்படியே போகலாம்" என்றார் தலைவர். மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அந்தத் தரக் குழுவில் அது எழுதிவைத்த நடைமுறை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா கெட்டது வாயைத் திறக்காததால்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. யாரும் கடைசியாக எழுதலாம். அக்கா ஒன்பது முறை எழுதினாள். 'என் அட்டவணையில் ஒரு பிழை' என்று தொடங்குவாள். அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, கேட்டால் என்ன சொல்வது? அழித்துவிடுவாள். பதினான்காம் நாள் மாலை பேருந்தில் வீடு திரும்பும்போது, நேரம் முடிந்துவிட்டது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தரம் வெளியானது. அவள் அட்டவணை அதில் ஒரு கமாகூட மாறாமல் இருந்தது.

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது மாதம் கிடங்குக்காரர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. அவர்களுடைய புது நிரல்கள் வெப்ப அளவை ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்துகொள்ளும். எனவே பெருக்கல் வகுத்தல் குழு உள்ள பெட்டிகள் மட்டுமே இனி சுவரில் இருக்கலாம். 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டம். எதிலாவது ஒரு குறி போட வேண்டும்.

முதலாளி படிவத்தை அவள் மேசையில் வைத்தார். "அவங்களுக்கு வேண்டியது பெருக்கல்தானே? நம்மளுதுக்கு அது வருமேக்கா. உண்டுன்னு போடுங்க."

"வகுத்தல் இல்லீங்களே."

"யாரு வகுக்கச் சொல்றா?"

"இன்னிக்கு யாரும் சொல்லலை. நாளைக்கு ஒருத்தன், நாம உண்டுன்னு போட்டதை நம்பி எழுதுவான். பெட்டி அப்படியே நின்னுடும். கத்தக்கூடக் கத்தாது. உள்ளே இருக்கறது பச்சக் குழந்தைங்களுக்குப் போடற ஊசி மருந்துங்க."

முதலாளி படிவத்தை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அது தெரியும். "எந்த மடையன் இது ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டான்?" என்றார், யாரிடமோ கேட்பதுபோல.

அக்கா 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். வாயைத் திறந்திருந்தால் ஆறு குடும்பம் பிழைத்திருக்கும் இடத்தில் மூடியிருந்தாள். மூடியிருந்தால் பிழைக்கக்கூடிய இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்படி ஒரு நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

அதன்பின் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். தலைவருக்கு எழுதினாள். அவர் நல்ல மனிதர், அன்றே பதில் போட்டார். தரம் வெளியாகிவிட்டது, அடுத்த திருத்தம் எப்போது என்று தனக்கே தெரியாது, வருத்தமாக இருக்கிறது என்றார். புதுச் சிப்பில் புதுப் பெட்டி செய்ய முதலாளிக்குத் தெம்பு இல்லை. சுவர்களிலிருந்து கழற்றிய பெட்டிகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மாடிப்படி ஏறி வந்தன. எல்லாம் வேலை செய்கிற பெட்டிகள். ஒன்றிலும் ஒரு பழுது இல்லை.

கடைசி வாரம் அவளும் சால்டரிங் அண்ணனும் மட்டும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பேட்டரியைக் கழற்றினார்கள். நடுவில் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அட்டவணையை, தாடிக்காரர் கேட்டதை, தானும் சேர்ந்து சிரித்ததை.

அண்ணன் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா பிரிச்சிருப்பாங்களா?"

"பிரிச்சிருப்பாங்கண்ணே."

"அதுக்கு ரொம்ப வேலையோ?"

"இல்லை. நடுவுல ஒரு கோடு."

அவர் இன்னொரு பெட்டியை எடுத்துத் திறந்தார். "கூச்சமா இருந்துச்சாக்கும்" என்றார் மெதுவாக. "எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. கண்ணு பழைய மாதிரி இல்லை. இனிமே எவன்கிட்டப் போய் நிக்கறது, சொல்லு." கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளிடம் ஒரு பதில் இருக்கும் என்று நினைத்ததுபோல் கேட்டார். அக்கா திட்டுக்குத் தயாராக இருந்தாள். இதற்குத் தயாராக இல்லை. அன்று மாலைவரை இருவரும் பேட்டரிகளைக் கழற்றி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது, எந்த வகுப்புக்கு எந்த நேரத்தில் எந்த ஆசிரியர் என்று போடும் வேலை. குறையொன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். ராத்திரி தூங்குவதில்லை என்பதைச் சொல்லவில்லை. தரக் குழுவின் அஞ்சல் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவும் மனம் வரவில்லை. கணவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை. கணவர் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா சமையலறை மேசையில் பழைய அஞ்சல்களைத் திறந்தாள். தரத்தின் அடுத்த திருத்தத்துக்கு யோசனை கேட்டிருந்தார்கள். எழுதியவள் யாரோ ஒரு புதுப் பெண், கேள்விப்படாத சின்னக் கம்பெனி. 'வணக்கம். எங்கள் இயந்திரம் ரொம்ப மலிவானது. அதற்குப் பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியாது. பெருக்கல் வகுத்தல் குழுவை இரண்டாகப் பிரிக்க முடியுமா?' என்று மூன்றே வரி எழுதியிருந்தாள். கூடவே ஒரு சிரிப்புப் படம். கீழே தாடிக்காரரின் பதில்: 'தாராளமாக. இதை நான் முன்பே கேட்டேன், யாரும் இல்லை என்றார்கள்.' அதன் கீழே தலைவர்: 'யாருக்காவது ஆட்சேபம் உண்டா?' ஒருவருக்கும் இல்லை. நான்காம் நாள் திருத்தம் வெளியாகியிருந்தது. இனி பெருக்கல் ஒரு குழு, வகுத்தல் ஒரு குழு.

அக்கா அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வரியிலும் கூச்சம் இல்லை. அந்தப் பெண்ணை யாரும் பொம்மைக்காரி என்று சொல்லிச் சிரிக்கவும் இல்லை.

"என்ன அதுல அப்படிப் பார்க்கறே?" என்றார் கணவர் சாவியை எடுத்தபடி.

"ரெண்டாப் பிரிச்சுட்டாங்களாம்."

"யாரு, எந்த வீட்டுல? சொத்துத் தகராறா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் கேட்டிராத ஒரு குரலில் அழுதாள். அவர் சாவியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டுப் பார்த்தார், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அன்று காலை அவர் ஓட்டும் முதல் பேருந்து நாற்பது நிமிடம் தாமதமாகப் போனது.