பதினாலு பேரும் ஆறு தட்டும்

பெரும்புயல் அடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரோஸ்விந்தா டீச்சரின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீடுகளில் கடல் கொண்டுபோனது மொத்தம் பதினாலு பேரை. பிள்ளைகள் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. டீச்சரும் கேட்டாள். கணக்குப் பாடத்தின் நடுவே ஒருத்தி எழுந்து, தம்பியின் கை எப்படி நழுவியது என்று சொல்வாள். சொல்லி முடித்ததும் உட்கார்ந்து வகுத்தல் போடுவாள். விடையும் சரியாகவே இருக்கும்.

லெய்த்தே தீவில் சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்புவதில்லை. வழியில் ஏதாவது கடையில் நுழைந்து சற்று நேரம் இருந்துவிட்டுத்தான் போவார்கள். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். டீச்சரின் புருஷன் கப்பல் வேலையில் இருந்தான். வீட்டில் இருந்தது ஆறு வயது மகள் இக்காய் மட்டும். தினம் சாவைக் கேட்கும் வகுப்பும் சாவு வீடுதானே; பெற்றவள் சும்மா இருப்பாளா? பள்ளி விட்டதும் பேக்கரிக்குள் நுழைய ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாளில், பதினாலு பேருக்கு ஒரு கடை எப்படிப் போதும் என்று தோன்றிவிட்டது. அப்புறம் மருந்துக்கடை, தையல்கடை, மாதாகோயில் வாசல். அவள் வீடு சேர்வதற்குள் இக்காய் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பாள்.

"ஏன்டி, தினம் ரொட்டி வாங்குற, ஒரு வாய் திங்க மாட்டேங்குற. என்னதான் ஆச்சு உனக்கு?" என்றாள் பேக்கரிக்கார செபா.

"எனக்கென்ன அக்கா, எங்க வீட்ல யாருமே சாகலயே."

"ஆமாமா, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது!"

அன்றைக்கு வீட்டு வாசலில் இக்காய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, தினம் எங்க போற?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "செத்தவங்க பின்னாடியே வர்றாங்கடி. உன்கிட்ட வந்துரக் கூடாதுன்னுதான் அங்கங்க விட்டுட்டு வர்றேன்."

இக்காய் யோசித்தாள். "அவங்க என்ன பண்ணுவாங்க?"

டீச்சர் இத்தனை நாளில் அதை யோசிக்கவே இல்லை.

"எனக்கு நீ சீக்கிரம் வரணும். அவங்களையும் கூட்டிட்டு வா."

மறுநாள் டீச்சர் எந்தக் கடையிலும் நுழையவில்லை. நேரே வீட்டுக்கு வந்தாள். இக்காய் மேசைமேல் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரு?"

"பதினாலு."

"தட்டு ஆறுதான் இருக்கு. மாத்தி மாத்திச் சாப்பிடச் சொல்லு. உனக்கு மட்டும் இது."

தன் தட்டின் முன்னால் உட்கார்ந்த டீச்சர், நாலு மாதத்தில் முதல் தடவையாக ஓவென்று அழுதாள். இக்காய் குறுக்கிடவில்லை. அழுது முடிந்ததும் சோறு போட்டாள்.