அம்மா எழுதச் சொன்ன லாரி நம்பர்

முருகன் அருளால் அம்மாவின் முதலாமாண்டு நினைவு நாளில் இதை எழுதி முடிக்கிறேன். எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு தயக்கம். பெரிய தயக்கம் வேறு. எங்கள் வீட்டு லாரி, மாமா பட்டாளத்தில் ஓட்டிய அதே லாரி என்று சொந்தபந்தங்கள் பலரும் ஆசையோடு சொல்லி வருகிறீர்கள். அது அப்படியல்ல. சொன்னால் யார் மனம் நோகுமோ என்று ஒவ்வொரு முறையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அம்மா தேவாரம் என்ற ஊரில் பிறந்தவர். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், எனக்கு மாமா. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் தங்கையை வளர்த்ததும் அவர்தான். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போன மாமா திரும்பவில்லை. இறந்தார் என்றும் தகவல் இல்லை. வந்து சேர்ந்தது ஒரு போட்டோ மட்டும். அதில் மாமா ஒரு லாரியின் மீது சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்பார். முகப்பின் பக்கவாட்டில் வெள்ளையில் எழுதிய பட்டாள நம்பரை அவர் தோள் மறைத்திருக்கும். கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரியும்: 84.

அம்மா போடிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு, பட்டாளம் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை அப்பா வாங்கி வந்தார். குரங்கணிக்கு அரிசியும் உரமும் ஏற்றிப் போய், ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார். லாரியைப் பார்த்ததுமே அம்மா, "மூக்கு அதேதான். எங்க அண்ணன் வண்டி" என்றாராம். அப்பா மறுத்துப் பேசவில்லை. ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம் வைப்பார்கள். அம்மா மட்டும், நீலப் பெயிண்டுக்கு அடியில் நம்பர் இருக்கும் என்று நினைத்த இடத்தில் வைப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா மஞ்சள் காமாலையில் காலமானார். அம்மா டிரைவர் வைத்து லாரியை ஓட்டித்தான் எங்களைக் கரையேற்றினார். சாப்பிடாமல் எந்த டிரைவரையும் மலையேற விட்டதில்லை. பிறகு ஜீப்புகள் பெருகின, லோடு குறைந்தது, லாரி நின்றுபோனது. பழைய இரும்புக்குக் கேட்டு வந்தவர்களை, "நாளைக்கு எங்க அண்ணன் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?" என்று விரட்டிவிடுவார். தெருவில் கனமான வண்டிச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்குப் போய்ப் பார்ப்பார்.

எண்பதுகளின் நடுவில் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். சண்டைக் காலத்து வண்டிகளைத் தேடி வாங்கிப் பழையபடியே ஆக்குகிறவர். "பட்டாள நம்பரையும் அன்னைக்கு இருந்தபடியே எழுதுவேன் ஆத்தா" என்றார். அந்த வார்த்தைதான் அம்மாவை அசைத்தது.

"அப்பன்னா இங்கயே, என் கண்ணு முன்னால சுரண்டு. அண்ணன் நம்பர் வெளிய வரட்டும். அப்புறம் கொண்டு போ."

உப்புத்தாளும் தண்ணீருமாக அவர் தேய்க்கத் தொடங்கிய காலையிலிருந்து அம்மா ஓரிடத்தில் இருக்கவில்லை. அடுப்படிக்கும் லாரிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"வெரசாத் தேயிப்பா."

"வெரசாத் தேச்சா நம்பரும் கையோட வந்துரும். செத்த உக்காருங்க ஆத்தா."

"உக்காந்தாத்தான் கால் வலிக்குது. நீ சோலியப் பாரு."

குழம்பு தீய்ந்தது. நீலத்துக்கு அடியில் சிவப்பு வந்தது. சிவப்பும் போன பிறகு, பச்சையின் மேல் வெள்ளை எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எல் 53926.

கடைசியில் இருந்தது 26. சித்தப்பாதான் மெல்ல, "மதினி, ரெண்டு நம்பர்தான. 84-ன்னு எழுதச் சொல்லிருவோம். எவன் வந்து கேக்கப் போறான்?" என்றார்.

மதுரைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஆளுக மொதல்ல பாக்குறதே நம்பரைத்தான். வண்டிக்கு உள்ளதை எழுதாட்டி மொத்த வண்டியும் பொய்யும்பாங்க. இருந்தாலும் ஆத்தா மனசுக்கு ஆறுதல்னா எழுதுறேன். சொல்லுங்க."

அம்மா உள்ளே போய் மாமாவின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். அதை மார்போடு அணைத்தபடி லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "84-னே எழுதட்டும்மா" என்றேன்.

"பேசாம இருடா" என்றவர், நம்பருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதுக்குப் பக்கத்துலயும் ஒருத்தன் இப்படிச் சாஞ்சு நின்னு போட்டோ பிடிச்சிருப்பான்ல. அவனுக்கும் ஒரு தங்கச்சி இருந்தா, என்னையமாரி இந்த 26-ஐத் தேடிக்கிட்டுக் கெடப்பா. ஒருநா அவ வந்து பாக்கையில என் அண்ணன் நம்பர் இருந்தா, அவ எங்க போவா? உள்ளதையே எழுது."

லாரி போனது. அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில், வழக்கம்போல் மாமாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் அர்ச்சனைக்குச் சொன்ன அம்மா, "இன்னொண்ணு, எல் 53926" என்றார்.

குருக்களுக்குச் சிரிப்பு. "லாரிக்கு என்ன நட்சத்திரம் ஆத்தா?"

"லாரிக்கு இல்ல சாமி, அதை ஓட்டுனவனுக்கு. அவன் பேரும் நட்சத்திரமும் முருகனுக்குத் தெரியும். நீங்க மணிய ஆட்டுங்க."

அதன் பிறகும் அம்மாவுக்கு அமைதி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வண்டிச் சத்தத்துக்கு எழுந்து போவது நிற்கவில்லை. படுக்கையில் விழுந்த பின்பும் வெள்ளி தோறும் நான் கோயிலிலிருந்து வந்ததும், "ரெண்டையும் சொன்னியா?" என்பார். கடைசி வெள்ளியன்றும் கேட்டார். சொன்னேன் என்றதும் திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டினார்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற ஜீப் டிரைவர் தம்பிக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட சித்திக்கும், காரியத்தன்று சொல்லாமலே வந்து நின்ற மதுரை ஐயாவுக்கும், உடனிருந்த தெருவார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவின் அண்ணன் லாரி கிடைத்துவிட்டது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 26-ஐ 26 என்றே சொல்லுங்கள். எங்கோ இருக்கும் அந்தத் தங்கையின் காதுக்கு அது ஒருநாள் போய்ச் சேரலாம்.