விளக்கடியில் வைத்த பித்தளைக் கோது

பித்தளைக் குழலை உதட்டில் வைத்து ஊதினால் விசில் சத்தத்தோடு நாக்கில் ஒரு புளிப்பும் ஏறும். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பக்கத்து வீட்டுப் பௌல் தந்த சின்னக் குழலை அப்படித்தான் ஊதிக்கொண்டு திரிந்தேன். பௌல் ஓய்வுபெற்ற தபால்காரர். தன் பாட்டன் காலத்துச் சிறிய துவக்குகளால் சனிக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடப் போகிறவர். அவற்றுக்கு ஏற்ற சன்னங்கள் கடைகளில் வராததால், சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் "கோதுகளை" ஒன்றும் விடாமல் பொறுக்கிவந்து, வெடிமருந்தும் ஈயக்குண்டும் வைத்து நிலவறையில் தானே திரும்ப நிரப்புவார். வாய் வெடித்த கோது நிரப்ப உதவாது. அப்படியொன்றைத்தான் எனக்கு விசில் என்று தந்திருந்தார்.

அன்றைக்கு அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தா. மிஞ்சிய புளியில் நானும் என் குழலைத் தேய்த்தேன். என்ன மினுக்கம்! சாமித்தட்டில், விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

வேலையால் வந்து திருநீறு எடுக்கக் கை நீட்டிய அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஆர் இதைக் கொண்டந்தது? ஆரும் கண்டவையோ?"

ஒரு நாளும் என்னை அதட்டாத மனிதர், யன்னல் திரைகளை இழுத்து மூடி, என் புத்தகப்பையைத் தலைகீழாகக் கொட்டினார். "இஞ்சேருங்கோ, இது டென்மார்க்" என்று அம்மா கெஞ்சியதும் அவர் காதில் ஏறவில்லை. உடனே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று, டேனிஷில் கதைக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அப்பாவும் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்று பௌலுக்கு ஒரே சந்தோஷம். எங்களை நிலவறைக்கே கூட்டிப்போனார். மேசை நிறையக் கோதுகள். சுவரிலிருந்த துவக்கொன்றை எடுத்து, அதன் வாய் நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டுதான் திரும்பினார். அப்பா இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கினார்.

பௌல் முதலில் சிரித்தார்; பிறகு துவக்கை வைத்துவிட்டு, அப்பாவுக்கு என்ன என்று என்னைக் கேட்டார். அப்பா கைகளை இறக்காமலே சொன்னார்:

"ஊரிலை என்ரை தம்பியின்ரை பொக்கற்றுக்கை ஒரு கோது கிடந்தது. விளையாட எடுத்தவன். வழியிலை ஆமிக்காரர் செக் பண்ணினவை. பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வரேல்லை எண்டு சொல்லு."

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதே அப்போதுதான் தெரியவந்தது. ஐயோ, அதை நான் எந்த வாயால் டேனிஷில் சொல்வது? ஆனாலும் சொன்னேன். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அப்பா என் பொக்கற்றுகளைத் துழாவுவது கைக்குட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான் என நான் அதுவரை நம்பியிருந்தேன்.

பௌல் இப்போது இல்லை. அந்த நிலவறையில் யாரோ சைக்கிள்களை நிறுத்தி வைக்கிறார்கள். வெடிமருந்து மணமும் போய்விட்டது. அப்பா எங்களோடு இருக்கிறார். காலையில் என் மகனை வாசலில் மறித்து அவன் பொக்கற்றுகளையும் துழாவுகிறார். அவனுக்கு அது விளையாட்டு. சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் மேலே தூக்குகிறான்.

"கையை இறக்கு ராசா, கையை இறக்கு" என்று அப்பா அவசரமாக அவற்றைப் பிடித்துக் கீழே இழுக்கிறார்.