போனை வெட்டும் மகள்

என் கடைசி வருட ஆய்வில் ஒரு மகள் இருந்தாள். நான் எழுதிய நிரலாய்க் கணினிக்குள் மட்டும் வாழ்பவள். மனுஷர் எப்படி முடிவெடுப்பார்களோ அப்படியே அவளும் முடிவெடுக்க வேண்டும், அதுதான் ஆய்வு. என்னைப் போலவே புசல்லாவையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் வருவாள். வழியில் அம்மா போன் அடித்தால் வெட்டிவிடுவாள்.

அதே மகளை விடுதி அறையில் உட்கார வையுங்கள், முதல் மணியிலேயே எடுப்பாள். இடமும் சுற்றியிருக்கும் ஆட்களும் மாறினால் முடிவும் மாறும். இதைக் கண்டுபிடிக்க நான் புத்தகம் ஒன்றும் புரட்டவில்லை. யுத்தம் உச்சத்தில் நின்ற காலம் அது. எங்கேயோ குண்டு வெடித்தால், மறுநாள் எங்கள் பஸ்ஸில் தமிழில் வாய் திறந்தால் போதும், முன்சீட்டுத் தலைகள் திரும்பும். அடுத்த சோதனைச் சாவடியில் என்னை மட்டும் இறக்குவார்கள். அதனால் அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். பஸ் நேரத்தில் அம்மா அடிக்கும்போது வெட்டினால், சுகமாக வருகிறேன். எடுத்தால், ஏதோ நடந்துவிட்டது.

"நீர் சொல்றது சரிதான், எனக்கும் தெரியும்," என்றார் எனக்கு வழிகாட்டிய யாழ்ப்பாணத்து சேர். "ஆனா வெளியாலை இருந்து வாற பரீட்சகர் மகள் போனை வெட்டுறதைப் பிழை எண்டு போட்டா உம்மட பட்டம் போயிடும். அந்த வரியை எடுத்துவிடும்."

எனக்குச் சுரீரென்று வந்தது. "எடுக்க மாட்டேன் சேர். பாஸாகணும்னு நானே என்னைப் பொய்யாக்கிக்கணுமா?"

வாய்மொழிப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை காலை. தாமதமாகிவிடும் என்ற பயத்தில், தரிப்பிடத்தில் நின்ற வழக்கத்துக்கு முந்திய பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். வழக்கமான பஸ்ஸில்தான் வருகிறேன் என்று அம்மா நினைத்திருந்தார்.

பரீட்சகர் கொழும்புக்காரர், சிங்களவர். என் மகள் போனை வெட்டியதைத் திரையில் பார்த்ததும் ஆங்கிலத்தில் சொன்னார்: "தாயின் அழைப்பை எந்த மகளும் வெட்டமாட்டாள். இது பிழை. திருத்திக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள்."

"பிழையில்லை," என்றேன்.

அந்த நேரம் பார்த்து, நிறுத்த மறந்திருந்த என் போன் மேசையில் அலறியது. அம்மா. பரீட்சகர் சிரித்தார். "வெட்டப் போகிறீர்களா?"

"இது பஸ் இல்லையே," என்று ஸ்பீக்கரைப் போட்டேன். "சொல்லுங்கம்மா."

அம்மா கதறினார். "ஐயோ, ஏன் புள்ள எடுத்த? எறக்கிட்டாங்களா? எங்க வச்சிருக்காங்க? சொல்லு, அப்பாவ கூட்டிக்கிட்டு இந்தா வாறேன்!"

சேர் அந்தப் பேச்சை முடியும்வரை பரீட்சகருக்கு வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். பரீட்சகரின் சிரிப்பு போய்விட்டது.

"ஒண்ணுமில்லம்மா, கெம்பஸ்லதான் இருக்கேன். சத்தமா தமிழ்லதான் பேசுறேன், கேக்குதில்ல?"

"யாரும் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்றாங்களா?"

"இல்லம்மா, நெசமாத்தான்."

"நெசம்னா வெட்டு பாப்போம்."

அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, வெட்டினேன். போனை மேசையில் வைத்துவிட்டு, பரீட்சகரின் முகத்தை நேராகப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இப்போது சொல்லுங்கள் சேர், இதில் எது பிழை?"