கதவின் கீழ்ப்பாதியில் ஒட்டிய தாள்

எங்கள் காபிக் கடையில் மேசை துடைக்கிறவரைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் துடைத்த மேசையில் முகம் பார்க்கலாம். காபி போடுகிற எனக்கே திட்டு விழும்: "சொட்டுச் சிந்தினாலும் நீயே துடை!"

அவருக்குக் குழந்தைகள் என்றால் வேப்பங்காய். சிந்திய பாலுக்கும் மிதிபட்ட கேக்குக்கும் முட்டி போட்டே ஆகவேண்டும், இடுப்பு கழன்றுவிடும். "பன்னிரண்டு வயசுக்குக் கீழ யாரையும் உள்ள விட வேணாம்னு பாக்குறேன். என்ன சொல்றீங்க?" என்று முதலாளி கேட்டபோது முதலில் கை தூக்கியது அவர்தான். அடுத்தது நான். சத்தமில்லாமல் வேலை பார்க்கலாமே என்ற நப்பாசை.

அறிவிப்புத் தாளை ஒட்டியதும் அக்காதான். கண்ணாடிக் கதவின் மேல்பாதியில் கடை நேரம் எழுதியிருந்ததால், கீழ்ப்பாதியில் ஒட்டினார். சரியாகக் குழந்தைகளின் கண்ணில் படுகிற உயரம்.

அப்போது அக்காவுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். பிறந்தநாளன்று அவளை ஜன்னலோர மேசையில் உட்காரவைத்து, "என்ன சாப்பிடுறீங்க மேடம்?" என்று கேட்பதாக எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். நம் பிள்ளைக்குமா சட்டம் என்று நம்பித்தான் வரச்சொன்னார்.

புதுச் சட்டையில் அப்பாவின் கைபிடித்து வந்தவள், கதவருகே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்புறம் உள்ளே வரவில்லை.

அக்கா முதலாளியிடம் ஓடினார். "நீங்கதானேம்மா முதல்ல கை தூக்குனீங்க? இவள விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க," என்றார் அவர். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அக்கா ஒரு துண்டு கேக்கை வெளியே எடுத்துப்போனார். பிள்ளை நடைபாதையில் நின்றபடி, உள்ளங்கையைக் கீழே ஏந்திக்கொண்டு தின்றாள். "பாரும்மா, ஒரு துளிகூடச் சிந்தல. உங்க முதலாளிகிட்ட சொல்லு."

வருஷங்கள் ஓடி, போன வாரம் அவளுக்குப் பன்னிரண்டு முடிந்தது. அக்கா ஜன்னலோர மேசையை மூன்று முறை துடைத்து, யாரையும் உட்கார விடாமல் காத்திருந்தார். சாயங்காலம்வரை அவள் வரவில்லை.

மறுநாள் கேட்டேன். "என்னக்கா ஆச்சு?"

"எங்கள மாதிரிப் பிள்ளைங்களத்தான் உங்க கடைக்குப் பிடிக்காதேம்மான்னுட்டா." துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீர் எப்போதோ வற்றியிருந்தது. "முதல்ல கை தூக்குனது நான்தான்னு அவகிட்ட இன்னும் சொல்லல."